சிண்ட்ரெல்லாவின் அப்பா எங்கே?

பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழாக் காலம் வந்துவிட்டால் தாய்மார்களுக்குத் தூக்கம் போய்விடும். மாலையில் வீட்டுக்குள் நுழையும் குழந்தை, பையைக்கூடக் கழற்றாமல் ஒரு துண்டுச் சீட்டை நீட்டும். "சிண்ட்ரெல்லா நாடகம். வெள்ளை ஸாட்டின் கவுன் ஒன்று, பளபளக்கும் செருப்பு ஒரு ஜோடி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்." உங்கள் கிரகம் இன்னும் கொஞ்சம் சரியில்லையென்றால் அடியில் இன்னொரு வரியும் இருக்கும்: "தங்களுக்கு எழுத வரும் என்று குழந்தை சொன்னாள். நாடகத்தைத் தமிழில் எழுதித் தர முடியுமா?"

கவுன் விஷயத்தைத் தையற்காரர் பார்த்துக்கொள்வார். நாடகத்தை நீங்கள்தான் எழுதவேண்டும். "இதென்ன பிரமாதம்? எல்லாருக்கும் தெரிந்த கதைதானே? கொடுமைக்காரச் சித்தி, அகம்பாவம் பிடித்த இரண்டு அக்காமார், பூசணிக்காய் வண்டி, கண்ணாடிச் செருப்பு, மணி பன்னிரண்டு, ராஜகுமாரன், கல்யாணம், சுபம்!" என்று சொல்லிக்கொண்டு பேனாவை எடுப்பீர்கள். தாராளமாக எடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். அந்தப் பெண்ணின் அப்பா எங்கே?

சித்தி என்று ஒருத்தி இருந்தால், அவளைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்கு அழைத்து வந்த மனிதர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது 1950-ல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் சித்திரப் படம். அதில் அப்பா ஆரம்பத்திலேயே காலமாகிவிடுகிறார். பாவம், நல்ல மனிதர், இருந்திருந்தால் இப்படியெல்லாம் நடக்க விட்டிருப்பாரா என்று நாமும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போய்விடுகிறோம்.

பழைய கதைகளைத் தேடிப் போனால் சமாசாரம் வேறாக இருக்கிறது. பலவற்றில் அப்பா குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறார். அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். பெண் அடுப்படிச் சாம்பலில் படுத்துத் தூங்குகிறாள். அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், செத்துப்போன அம்மாதான் பேசுகிறாள். மரமாக நின்று பேசுகிறாள், பறவையாக வந்து பேசுகிறாள். நமக்குத் தெரிந்த கதையில் இந்த இரண்டு பேரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தேவதையையும் ஒரு பூசணிக்காயையும் வைத்துவிட்டார்கள்.

இதை யார் செய்தது என்று பார்ப்போம்.

பிரான்ஸ் தேசத்தில் ஷார்ல் பெரோ என்று ஒரு கனவான். அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர், பிரெஞ்சு அகாடமியில் அங்கத்தினர். 1697-ல், அறுபத்தொன்பதாவது வயதில், பழங்கதைகளைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமாக வெளியிட்டார். தேவதையான ஞானத்தாய், பன்னிரண்டு மணிக் கெடு, கண்ணாடிச் செருப்பு எல்லாம் அந்தப் புத்தகம் உலகத்துக்குக் கொடுத்தவை. வண்டி விஷயத்தில் ஒரு திருத்தம்: நாம் பூசணிக்காய் என்று எழுதுகிறோமே ஒழிய, படங்களில் இருப்பது சாக்ஷாத் பரங்கிக்காய்தான். தேவதை அதை நடுவில் குடைந்து, ஓடு மட்டும் நிற்கும்படி செய்துவிட்டுக் கோலால் தட்டுகிறாள். பொறியில் அகப்பட்ட ஆறு சுண்டெலிகள் குதிரைகள் ஆகின்றன. நல்ல மீசை வைத்த பெருச்சாளி ஒன்று வண்டிக்காரன். பூவாளிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆறு பல்லிகள் டவாலிச் சேவகர்கள். சமையலறையும் தோட்டமும் தெரிந்தவர் எழுதியது என்று பார்த்தவுடனே தெரிகிறது.

பெரோவின் பெண் ரொம்பவும் நல்லவள். விருந்துக்குப் போகும் அக்காமாருக்கு இவள்தான் தலை வாரிவிடுகிறாள். இடுப்பு மெலிந்து தெரியவேண்டும் என்று அந்த அம்மாள்கள் கச்சையை இறுக்கி இறுக்கிப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நாடாக்களை அறுத்துவிட்டார்களாம். இரண்டு நாளாகச் சாப்பாடும் இல்லையாம். அரண்மனையில் ராஜகுமாரன் கொடுத்த ஆரஞ்சையும் எலுமிச்சையையும், தன்னை அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அக்காமாருடனேயே பங்கிட்டுக்கொள்கிறாள். கடைசியில் அவர்களை மன்னித்து, இரண்டு பிரபுக்களுக்குக் கல்யாணமும் செய்துவைக்கிறாள்.

சரி, அப்பா? பெரோவின் கதையில் அவர் இருக்கிறார். பெண் அவரிடம் முறையிடத் துணியவில்லை. முறையிட்டால் இவளையே திட்டியிருப்பார், ஏனென்றால் வீட்டில் மனைவி வைத்ததுதான் சட்டம் என்று பெரோ ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். அதற்கப்புறம் அந்த மனிதரைப் பற்றிப் பேச்சே இல்லை. மகள் ராஜாத்தி ஆனாள் என்ற சேதி அவர் காதுக்கு எட்டியதா என்பதுகூட நமக்குத் தெரியாது.

கண்ணாடிச் செருப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது ஆரம்பித்துவிடுவார். "அது கண்ணாடியே இல்லை, அணில் ரோமம்! பிரெஞ்சில் இரண்டு சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும், யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள்" என்று ஒரு கட்சி உண்டு. நாவலாசிரியர் பால்ஸாக்கும் 1841-ல் அந்தக் கட்சி பேசினார். ஆனால் பெரோவின் புத்தகத்தில் கண்ணாடி என்றுதான் அச்சாகியிருக்கிறது. கண்ணாடிச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட முடியுமா என்று கேட்பவர்கள், பல்லி சேவகனாக மாறியதைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்பதில்லை!

பெரோவுக்கு நூறு வருஷத்துக்குமேல் கழித்து ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் இதே கதையை வெளியிட்டார்கள். அங்கே தேவதை கிடையாது. பரங்கிக்காயும் கிடையாது. 1812-ல் வந்த முதல் பதிப்பில், சாகக் கிடக்கும் அம்மா பெண்ணைப் பக்கத்தில் அழைத்து, தன் சமாதியின் மேல் ஒரு செடி நட்டு வைக்கும்படியும், எதுவும் வேண்டுமென்றால் அதை உலுக்கும்படியும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். பெண் நட்டு வைக்கிறாள். தினமும் போய் அழுகிறாள். அந்தக் கண்ணீரே செடிக்குத் தண்ணீர். அது மரமாகிறது. பின்னால் விருந்துக்குப் போக உடையும் செருப்பும் தருவது அந்த மரம்தான்.

1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதே சகோதரர்கள் கதையைத் திருத்தி எழுதினார்கள். இப்போது அப்பாவும் மேடைக்கு வருகிறார். சந்தைக்குப் புறப்படுகிறவர், "என்ன வாங்கி வரட்டும்?" என்று பெண்களைக் கேட்கிறார். மூத்தாள் பிள்ளைகளுக்கு என்று சொல்லாமல், இளையாள் கொண்டுவந்த இரண்டு பெண்களுக்குத்தான் முதலில் கேள்வி. ஒருத்தி அழகான உடைகள் கேட்கிறாள், இன்னொருத்தி முத்தும் மணியும் கேட்கிறாள். இவளோ, திரும்பி வரும் வழியில் உங்கள் தொப்பியில் முதலில் இடிக்கும் கிளையை ஒடித்துக்கொண்டு வாருங்கள் அப்பா என்கிறாள். ஹேஸல் என்ற கொட்டை மரத்தின் கிளை ஒன்று அவர் தொப்பியைத் தட்டிவிடுகிறது. அதைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பெண் அதை அம்மாவின் சமாதியில் நடுகிறாள்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பணம் காசு செலவில்லாத பொருளைக் கேட்கிறாள் என்பதற்காக இல்லை. வழியிலே எங்கேயாவது ஓர் இடத்திலாவது அப்பா தன்னை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றுகிறது பாருங்கள், அதற்காக.

விருந்துக்கு நானும் வரட்டுமா என்று கேட்கிறவளுக்குச் சித்தி கொடுக்கும் வேலை என்ன தெரியுமா? ஒரு பாத்திரம் பருப்பைச் சாம்பலில் கொட்டி, இரண்டு மணி நேரத்தில் பொறுக்கி எடு என்கிறாள். நம் வீட்டு மைசூர்ப் பருப்பு ஜாதிதான் அது. புறாக்கள் வந்து பொறுக்கிக் கொடுக்கின்றன. மேடையில் நடத்த இதைவிட நல்ல காட்சி கிடையாது. பத்துப் பதினைந்து சின்னக் குழந்தைகளைப் புறாவாக இறக்கிவிடலாம். வேஷம் கிடைக்கவில்லை என்று எந்தத் தாயாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விருந்து மூன்று நாள். முதல் நாள் ராஜகுமாரன் பின்தொடர்ந்து வருகிறான். பெண் புறாக் கூண்டுக்குள் புகுந்து மறைகிறாள். அவன் அங்கேயே காத்திருந்து அப்பாவிடம் சொல்கிறான். அப்பாவுக்குப் பளிச்சென்று ஒரு சந்தேகம்: நம் சாம்பல் பெண்ணாக இருக்குமோ? மனத்தில்தான் நினைக்கிறார். வாயைத் திறக்கவில்லை. கோடரியை வாங்கிக் கூண்டைப் பிளக்கிறார். உள்ளே யாரும் இல்லை. மறுநாள் பேரிக்காய் மரத்தில் ஏறி மறைகிறாள். மறுபடியும் அதே சந்தேகம், அதே மௌனம், அதே கோடரி. மூன்றாம் நாள் ராஜகுமாரன் படிக்கட்டில் கீலைப் பூசி வைக்கிறான், செருப்பு ஒட்டிக்கொள்கிறது.

அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வருகிறான். மூத்தவளுக்குக் கட்டைவிரல் இடிக்கிறது. அவளைப் பெற்றவள் கத்தியை நீட்டி, வெட்டிக்கொள், ராணியான பிறகு நடந்தா போகப் போகிறாய் என்கிறாள். இளையவள் குதிகாலை வெட்டிக்கொள்கிறாள். செருப்பில் ரத்தம் என்று புறாக்கள் காட்டிக்கொடுக்கின்றன. வேறு பெண் உண்டா என்று ராஜகுமாரன் அப்பாவைக் கேட்கிறான். அந்த மனிதர் சொல்லும் பதில் இதுதான்: வேறு யாரும் இல்லை, செத்துப்போன என் மனைவியின் பெண், வளர்ச்சி குன்றிய ஒரு சாம்பல் குட்டி, இருக்கிறது, அது உங்களுக்கு மணப்பெண்ணாக இருக்க முடியாது.

கத்தியால் விரலை வெட்டிக்கொண்டதைக் கேட்டு முகத்தைச் சுளித்தீர்கள் அல்லவா? எனக்கென்னவோ, அந்தக் கத்தியைவிட இந்தப் பதில் கூர்மை என்று படுகிறது.

கல்யாணத்தின்போது புறாக்கள் அக்காமாரின் கண்களைக் கொத்திவிடுகிற முடிவும் உண்டு. குழந்தைகளுக்கு இதைச் சொல்வதா என்று பல தாய்மார்கள் தயங்குவார்கள். தயங்காமல் எடுத்துவிடுங்கள். அது 1812 பதிப்பிலேயே கிடையாது. 1819-ல் சேர்த்தது. பழைய கதைகளைத் தேடுவதில் உள்ள லாபம் இதுதான்: எதை எடுத்தால் கதை சாகாது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னும் பின்னால் போக உங்களுக்குப் பொறுமை உண்டா? ஒரே தாவலாகச் சீனாவுக்குப் போய்விடலாம். ஒன்பதாம் நூற்றாண்டில், 850-ஐ ஒட்டிய காலத்தில், துவான் செங்ஷி என்ற பண்டிதர் பலவிதமான அதிசயச் செய்திகளைத் தொகுத்து எழுதி வைத்தார். பெரோவுக்கு எண்ணூறு வருஷத்துக்கு முந்தியது. அதில் யே ஷியென் என்ற பெண்ணின் கதை இருக்கிறது. தம் வீட்டில் வேலை செய்த, தென்பகுதிக் குகை மக்களைச் சேர்ந்த ஒருவர் சொன்னது என்று அவரே குறித்திருக்கிறார். பெரிய இடத்துப் பண்டிதர் தம் வீட்டு வேலையாளை உட்கார்த்தி வைத்துக் கதை கேட்டு எழுதியிருக்கிறார் பாருங்கள்! ஆர்தர் வேலி என்ற ஆங்கிலேய அறிஞர் 1947-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

வூ என்ற குகைத் தலைவனுக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி இறந்துவிடுகிறாள். அவள் பெண்தான் யே ஷியென். இந்த அப்பா பெண்ணிடம் பிரியமானவர். ஆனால் அவரும் இறந்துவிடுகிறார். சித்தி அவளை ஆபத்தான இடங்களில் விறகு பொறுக்கவும், ஆழமான மடுக்களில் தண்ணீர் மொள்ளவும் அனுப்புகிறாள். ஒரு நாள் தண்ணீரோடு ஒரு குட்டி மீன் வருகிறது. சிவந்த துடுப்பு, பொன் கண்கள், இரண்டு அங்குல நீளம். கிண்ணத்தில் விட்டு வளர்க்கிறாள். அது வளர வளரக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் பின்புறக் குளத்தில் விடுகிறாள். தன் சாப்பாட்டில் மிஞ்சியதைப் போடுகிறாள். இவள் வந்தால் மட்டும் மீன் தலையைக் கரைமேல் வைத்துக்கொள்ளும். வேறு யாருக்கும் தலை காட்டாது.

சித்திக்குச் சேதி எட்டுகிறது. பெண்ணுக்குப் புதுச் சட்டை ஒன்றைக் கொடுத்துத் தூரத்து ஊற்றுக்கு அனுப்பிவிட்டு, அவளுடைய பழைய சட்டையைத் தான் போட்டுக்கொண்டு, கையில் கத்தியை மறைத்துக் குளத்தருகில் போய்க் கூப்பிடுகிறாள். சட்டையைப் பார்த்து மீன் தலையை நீட்டுகிறது. வெட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, எலும்பைச் சாணக் குழியில் புதைத்துவிடுகிறாள்.

இதைப் படிக்கும்போது எந்தக் குழந்தையும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். பரங்கிக்காய் வண்டிக்கு அப்படி உட்காராது.

யே ஷியென் வயல்வெளியில் நின்று அழுகிறாள். பறட்டைத் தலையும் முரட்டுத் துணியுமாக ஒரு மனிதர் வானத்திலிருந்து இறங்கி, எலும்பு இருக்கும் இடத்தைச் சொல்கிறார். அதை எடுத்து அறையில் ஒளித்து வைத்து வேண்டிக்கொண்டால் கேட்டது கிடைக்கும். திருவிழா வருகிறது. மீன்கொத்தி இறகு உடையும் பொன் செருப்பும் அணிந்து போகிறாள். சித்தியின் கண்ணில் பட்டு ஓடி வருகையில் ஒரு செருப்பு விழுந்துவிடுகிறது. அது கைமாறி, விலை போய், ஒரு தீவின் அரசனிடம் சேர்கிறது. ரோமம் போல லேசானது. கல்லில் மிதித்தாலும் சத்தம் கேட்காது. அவன் தேடிக் கண்டுபிடித்து அவளை மணக்கிறான்.

கல்யாணத்தோடு கதை முடியவில்லை. அரசனுக்குப் பேராசை. மீன் எலும்பைக் கேட்டுக் கேட்டு முத்தும் மணியும் வாங்கிக் குவிக்கிறான். ஒரு வருஷம் ஆனதும் எலும்பு ஊமையாகிவிடுகிறது. கடற்கரையில் முத்துக்களோடு புதைக்கிறான். பிறகு கடல் அலை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கடைசிக் காட்சியில் கடல்தான் நிற்கிறது. எழுதியவரைப் பாராட்டத் தோன்றுகிறது. எழுதியவரையா, சொன்ன வேலையாளையா?

வியட்நாமில் தாம், காம் என்ற இரண்டு சகோதரிகளின் கதையிலும் இந்த மீன் உண்டு. எலும்பைச் சாடிகளில் போட்டுக் கட்டில் கால்களின் கீழே புதைக்கிறாள் தாம். ராணியான பிறகும் அவளுக்கு விடிவு இல்லை. தகப்பனாரின் திதிக்கு வீட்டுக்கு வந்தவளைப் பாக்கு மரத்தில் ஏறச் சொல்லிவிட்டு, கீழே மரத்தை வெட்டிச் சாய்க்கிறாள் சித்தி. பறவையாகவும் மரமாகவும் பழமாகவும் மாறி மாறித் தாம் திரும்பி வருகிறாள். முடிவில் அவள் பழிவாங்குகிற விதத்தை இந்தப் பத்திரிகையில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நாடகத்துக்கு அது வேண்டாம்.

இத்தாலியில் நேப்பிள்ஸ்காரரான பஸீலே எழுதிய கதை, அவர் காலமான பிறகு, 1634-ஐ ஒட்டி அச்சாயிற்று. அதில் கதாநாயகி முதல் சித்தியைப் பெட்டி மூடியால் கொன்றுவிடுகிறாள்! தூண்டிவிட்ட தாதியே இரண்டாவது சித்தியாக வந்து சேர்கிறாள். பள்ளி நிர்வாகம் இதை மேடையேற்றச் சம்மதிக்காது. ஆனால் அதிலிருந்து ஒரு காட்சியை நீங்கள் கடன் வாங்கலாம். அப்பா கடல் கடந்து போகும்போது, மற்றப் பெண்கள் கேட்ட சாமான்களை எல்லாம் வாங்கிவிடுகிறார். சொந்தப் பெண் சொன்னதை மட்டும் மறந்துவிடுகிறார். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறது. முன்னும் போகாது, பின்னும் போகாது. ஞாபகம் வந்து போய்க் கேட்டு வாங்கிய பிறகுதான் அசைகிறது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. ராமானுஜன், கன்னட நாட்டுக் கதையான 'ஹஞ்சி'யைச் சிண்ட்ரெல்லாவின் கன்னடத் தங்கை என்று உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். ஆலன் டண்டிஸ் 1982-ல் பதிப்பித்த சிண்ட்ரெல்லாத் தொகுப்பில் அது இடம்பெற்றது. ஹஞ்சு என்றால் கன்னடத்தில் ஓடு. பெற்ற தாயே பெண்ணின் முகத்துக்கு மண் ஓட்டால் முகமூடி செய்து மாட்டி, வீட்டை விட்டு அனுப்புகிறாள். ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்ததுதான் காரணம். முகமூடியோடு அவள் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்கு அமர்கிறாள். செருப்பெல்லாம் கிடையாது. அவள் கைப்பக்குவம்தான் அவளுக்கு அடையாளம். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் எவருக்கும் இது அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இப்படிக் கதைகளைத் தேடுவதற்கு ஒரு சாவி உண்டு. உலகத்து நாட்டுப்புறக் கதைகளுக்கெல்லாம் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபின்லாந்துக்காரரான ஆர்னே 1910-ல் தொடங்கியதை அமெரிக்கரான தாம்ஸன் விரிவாக்கினார். 2004-ல் ஜெர்மானியரான ஊதர் மறுபடி திருத்தினார். சிண்ட்ரெல்லாவின் நம்பர் 510 ஏ. நூலகத்திலோ கம்ப்யூட்டரிலோ இந்த நம்பரைச் சொல்லித் தேடினால் தேசம் தேசமாகக் கதைகள் வந்து விழும். பக்கத்து நம்பரான 510 பி-யைப் புரட்டும்போது மட்டும் கவனம். அதில் அப்பா காணாமல் போவதில்லை. பெண்ணுக்கு வரும் ஆபத்தே அவரால்தான். பெரியவர்கள் படிக்க வேண்டிய கதைகள். குழந்தை நாடகத்துக்கு ஆகாது.

மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற பெண்மணி 1893-லேயே இப்படிப்பட்ட கதைகள் 345-ஐத் திரட்டி, சுருக்கம் எழுதி, ஒரு தடிமனான புத்தகமாகக் கொடுத்துவிட்டார். லண்டன் நாட்டுப்புறவியல் சங்கம் அதை வெளியிட்டது. அந்தக் காலத்தில் கடிதம் எழுதியும் புத்தகம் புரட்டியும் இத்தனையையும் சேர்ப்பது என்றால் சாமானிய வேலையா?

தேடுவதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. பரம்பரைக் கதை யாருக்கும் சொந்தம் இல்லை. டிஸ்னி படத்தில் வரும் பேசும் எலிகளும் அவற்றின் பெயர்களும் பாட்டுகளும் அந்தக் கம்பெனியின் உடைமை. அதேபோல் பழைய கதையாக இருந்தாலும், சமீபத்தில் ஒருவர் செய்த மொழிபெயர்ப்பின் வாசகம் அவருடையது. கதையைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, உங்கள் சொந்தத் தமிழில் எழுதிவிடுங்கள். அதுதான் பாதுகாப்பு, நாடகமும் நன்றாக அமையும்.

எவ்வளவு மாற்றலாம் என்று கேட்பீர்கள். ரொஸ்ஸீனி என்ற இத்தாலிய சங்கீத மேதை 1817-ல் ரோமாபுரியில் இதை இசை நாடகமாக அரங்கேற்றியபோது தேவதையையும் செருப்பையும் சேர்த்தே எடுத்துவிட்டார். ஒரே மாதிரியான இரண்டு காப்புகளில் ஒன்றைப் பெண்ணே ராஜகுமாரனிடம் கழற்றிக் கொடுத்து, இதன் ஜோடியைத் தேடி வந்து என்னைக் கண்டுபிடி என்கிறாள். செருப்பு தவறி விழுவதற்கும் காப்பைக் கழற்றிக் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! நம் பெண்களுக்கு இந்தக் காப்பு பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு நாடகம் எழுதச் சொன்னால் கிரிம் சகோதரர்களின் 1812 மரத்தை வைத்துக்கொண்டு, 1819-லிருந்து அப்பாவையும் தொப்பியையும் எடுத்துக்கொள்வேன். பருப்பும் புறாவும் கட்டாயம் வேண்டும். கட்டைவிரலை வெட்டுவது திரைக்குப் பின்னால் நடக்கட்டும். கண்ணைக் கொத்துவது வேண்டாம். குழந்தைகள் பரங்கிக்காய்க்கு அடம் பிடித்தால் கொடுத்துவிடுவேன். அதற்கெல்லாம் பிடிவாதம் செய்து லாபமில்லை.

கஷ்டம் ஒன்று இருக்கிறது. மேடையில் அந்தப் பெண் மாற்றாந்தாயை எப்படிக் கூப்பிடுவாள்? தமிழில் "சித்தி" என்றுதான் கூப்பிட வேண்டும். அதே சொல்லால்தான் நம் குழந்தைகள், ஊரிலிருந்து முறுக்கும் சீடையும் கொண்டுவரும் அம்மாவின் தங்கையையும் கூப்பிடுகிறார்கள். கீழே உட்கார்ந்து நாடகம் பார்க்கும் நூறு குழந்தைகளில், அம்மாவை இழந்து, புதிதாக வந்தவளை இப்போதுதான் மெதுவாகச் "சித்தி" என்றோ "அம்மா" என்றோ அழைக்கப் பழகும் ஒரு குழந்தையாவது இருக்கலாம். கணவருடைய குழந்தைகளை நல்லபடியாக வளர்க்கவேண்டும் என்று ராப்பகலாகத் தவிக்கும் பெண்களும் பின்வரிசையில் இருப்பார்கள். அவர்கள் எதிரே ஒருத்தியை மட்டும் ராக்ஷஸியாக நிறுத்திவிட்டு, வீட்டுக்குடையவர் காலமாகிவிட்டார் என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகையால் அப்பாவைச் சாகடிக்காதீர்கள். வகுப்பிலேயே உயரமான பையனுக்கு, நன்றாக நடிக்கத் தெரிந்தவனுக்கு, அந்த வேஷத்தைக் கொடுங்கள். முதல் காட்சியில் தொப்பியும் கையில் ஒரு மரக்கிளையுமாக அவன் வந்து நிற்கட்டும். கடைசிக் காட்சியில் ராஜகுமாரன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வீட்டில் வேறு பெண் உண்டா?" என்று கேட்கும்போது, அவன் உடனே பதில் சொல்லக்கூடாது. சித்தி அவனைப் பார்க்கட்டும். அக்காமார் பார்க்கட்டும். ஜன்னலுக்கு வெளியே மரம் தெரியட்டும். எந்த ஊர்க் கதையிலும் அவர் சொல்லாத பதிலைச் சொல்ல அவனுக்கு ஒரு முழு நிமிஷம் கொடுங்கள்.